அப்பாவின் காதுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு என் வயதுதான். நான் பிறந்த வருடம் போனஸ் பணத்தில் அப்பா வாங்கியது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டி.எம்.எஸ். பாடிக்கொண்டிருக்கும்போதே அதன் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்தார். பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது என்று சொல்லி மூடிவிட்டார்.

"ஒரு பக்கம்தான் பாடுதுல்ல, அது போதும்மா" என்றார் அப்பா.

"அந்த ஒரு பக்கத்தையே அடுத்த புளோக்குக்குக் கேக்கிற மாதிரி வைக்கிறாரு" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

அம்மாவின் இந்தப் புகாருக்கு மூன்று நான்கு வயது இருக்கும். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் வேலை செய்கிறேன் என்பதாலேயே, என்ன ஸ்பீக்கர் வாங்கலாம், என்ன ஆம்ப் வாங்கலாம் என்று நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். நானும் தெரிந்த மாதிரி பதில் சொல்வேன். இந்த முறை என் பணத்தில் நானே வாங்க வேண்டிய நிலை. 1,500 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்பாவின் பழைய ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருந்ததால், ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் தேவை.

முதலில் வாட்ஸ் கணக்கைப் பார்த்துவிடலாம். கடைக்குப் போனவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி "இது எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். 100 வாட்ஸ் ஆம்ப், 50 வாட்ஸ் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பாடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால், ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டு வரவேற்பறையில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஓரிரு வாட்ஸ்தான் செலவாகிறது. திடீரென்று மேளம் முழங்கும் இடங்களுக்குத்தான் மீதி வாட்ஸ் கைகொடுக்கும். 1978ல் வெளிவந்து, ஹை-ஃபை பிரியர்கள் இன்றும் பேசும் நேட் 3020 ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான். அதனால் வீவக வீட்டில் இருப்பவர்கள் வாட்ஸை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவை அழைத்துக்கொண்டு சிட்டி ஹாலில் இறங்கி, கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போனேன். ஹை-ஃபை கடைகளுக்குப் பல காலமாகப் பேர்போன இடம். வீட்டு ஸ்பீக்கர்களில் ஒரு ஜோடியைத் தள்ளுவண்டியில் கட்டி எடுத்துப் போயிருந்தோம். அப்பாவுக்கு வெட்கம். "என்னம்மா, கரங்குனி மாதிரி" என்றார். ஆனால் இது அவசியம். கடையில் இருக்கும் ஐயாயிரம் வெள்ளி ஸ்பீக்கரில் எந்த ஆம்பும் அழகாகத்தான் பாடும். வீட்டுக்கு வந்த பிறகு அது உங்கள் ஸ்பீக்கரோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். தூக்க முடியாத அளவு பெரிய ஸ்பீக்கர் என்றால், அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 4 ஓமா, 8 ஓமா என்பது பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிடம் அதிக மின்னோட்டம் கேட்கும், எல்லா ஆம்பும் அதற்கு ஒத்துவராது.

நாங்கள் போன கடைக்காரர் நல்ல மனிதர். 850 வெள்ளி ஆம்ப் ஒன்றில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைப் போட்டார். பிறகு அதே இசையை 1,900 வெள்ளி ஆம்ப் ஒன்றில் போட்டார். அவ்வளவுதான், வயலின்கள் அறைக்குள் இறங்கி வந்தன. பட்ஜெட் பறந்துவிட்டது. கை பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தே விட்டது.

அப்போதுதான் நான் அப்பாவிடம் ஏதோ சொல்ல, அவர் "என்னம்மா?" என்றார். என் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. முதல் ஆம்ப் பாடும்போது சாதாரணமாகப் பேசினோமே என்று உறைத்தது. கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து, நாற்காலியிலிருந்தே இரண்டையும் அளந்தேன். விலை கூடிய ஆம்ப் 3 டெசிபல் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன். இரண்டிலும் குமிழை ஒரே இடத்தில்தான் வைத்திருந்தார். ஆனால் குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் சத்தமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வோர் ஆம்பும் ஒவ்வொரு விதம். நம் காதிலும் ஒரு பலவீனம் உண்டு. சத்தம் கூடும்போது பேஸும் மேல்ஸ்தாயி ஒலிகளும் நமக்கு இன்னும் தூக்கலாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதை மூளை "சத்தம்" என்று சொல்லாது, "நல்லாருக்கு" என்று சொல்லும். படிக்கும்போது இதற்குத் தேர்வே எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் 1,050 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கப் பார்த்தேன்.

சத்தத்தைச் சமப்படுத்தி மறுபடியும் கேட்டோம். வித்தியாசம் இருந்தது, ஆனால் தேடினால்தான் கிடைத்தது. எந்த ஆம்ப் பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். ஐந்து முறையில் மூன்று முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் வேறு எதைப் பார்த்து வாங்குவது? வீட்டில் இசைத்தட்டு இருக்கிறதா, ஃபோனோ இணைப்பு வேண்டும். தொலைக்காட்சியையும் இதில்தான் கேட்பீர்களா, அதற்கான எச்டிஎம்ஐ அல்லது ஆப்டிகல் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்கப்போகிறீர்களா, அதிகம் சூடாகும் வகை நம் ஊர் வெக்கைக்கு வேண்டாம். ஜப்பானிலிருந்து மலிவாகப் பழைய ஆம்ப் தருவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் புகைதான் வரும்.

இவையெல்லாம் நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த பட்டியல். இதில் இல்லாத ஒன்றை அப்பா கண்டுபிடித்தார்.

"நீ ஒன் பாட்டெல்லாம் கேட்டுட்ட. எனக்கு டி.எம்.எஸ். போடச் சொல்லும்மா" என்றார். போட்டார்கள். பழைய மோனோ பதிவு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆள் நிற்பதுபோல் குரல் நின்றது. மோனோ பாட்டு அப்படித்தான் நடுவில் நிற்க வேண்டும். குரல் அங்குமிங்கும் சிதறினால், ஒரு ஸ்பீக்கரின் கம்பியை மாற்றிச் செருகியிருக்கலாம்.

விலை கூடிய ஆம்பில் கேட்டுவிட்டு அப்பா தலையாட்டினார். 850 வெள்ளி ஆம்பில் பேஸ், டிரெபிள் என்று இரண்டு சின்னக் குமிழ்கள் இருந்தன. மற்றதில் அவை கிடையாது. பதிவு எப்படியோ அப்படியே கேட்க வேண்டும், குமிழ் வைத்துக் கலப்படம் செய்யக்கூடாது என்பது ஹை-ஃபை உலகில் ஒரு கட்சி. நானும் அந்தக் கட்சிதான். அப்பா எழுந்து போனார். டிரெபிள் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போய், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் நிறுத்தினார்.

எனக்கு எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இருந்தது. "அப்பா, அது ரொம்ப" என்று வாய் எடுத்தேன்.

"இப்பத்தான்மா வார்த்தை தெரியுது" என்றார் அப்பா.

சத்தத்தைக் கூட்டவில்லை. சொல்லப்போனால் குறைத்தார்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் 28 வருடம் வேலை பார்த்தவர். இரும்பை இரும்பால் அடிக்கும் வேலை. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு போன காலமும் உண்டு என்பார். பெருஞ்சத்தமும் வயதும் காதின் மேல்ஸ்தாயியைத்தான் முதலில் அரிக்கும். 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது போனால் பாட்டுக் கேட்கும், வார்த்தை கேட்காது. வார்த்தைக்காகத்தான் அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அம்மா அதைப் பிடிவாதம் என்றார். நான் அம்மா பக்கம் நின்றேன். தினமும் ஒலியோடு வேலை செய்கிற எனக்கு, மூன்று நான்கு வருடமாக அது தோன்றவே இல்லை.

850 வெள்ளி கொடுத்து அந்த ஆம்பையே வாங்கினோம். டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மிச்சமான பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி, காதுப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. இரண்டு காதிலும் மேல்ஸ்தாயி நன்றாகவே குறைந்திருக்கிறது. டிரெபிள் குமிழ் பாட்டுக்கு உதவும், பேரப்பிள்ளை பேசுவதற்கு உதவாது. அதற்குக் காது கேட்கும் கருவி வேண்டும். அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாத்துக்கலாம்மா" என்கிறார். நானும் விடுவதாக இல்லை. உங்கள் வீட்டிலும் யாராவது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சண்டை போடுவதற்கு முன் காதைச் சோதித்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் சமையலறையிலிருந்து புகார் வருவதில்லை. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு நான் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்பேன். டிரெபிள் குமிழை நடுவுக்குத் திருப்பிக்கொள்வேன். எழுந்து போகும்போது மறக்காமல் இரண்டு மணிக்கு வைத்துவிடுவேன்.