மனக்காயமும் காயமே

2004 ஆழிப்பேரலைக்குப் பின் என் சாச்சி கடற்கரைக்குப் போவதேயில்லை. கடல் இரையும் இரவுகளில் தூங்குவதுமில்லை. "கை, கால் சுகம்தானே, என்ன வருத்தம்?" என்று கேட்போரே அதிகம்.

போரில் மனம் காயப்பட்ட அமெரிக்கப் படையினரும் இதே அலட்சியத்தைச் சந்தித்தனர். அக்காரணத்தால் சேவையிலிருந்து நீக்கப்படுவோருக்கு ஆரம்பத்தில் குறைந்தது 50 வீத இயலாமை மதிப்பீடு வழங்க வேண்டுமென்பது அந்நாட்டு விதி. பலருக்கு இராணுவம் அதைவிடக் குறைத்தே வழங்கியது. சிலர் 2008இல் வழக்குத் தொடர்ந்தனர். 2011இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பீடு உயர்ந்தது.

எமது நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க இயலாமையுடையோர் உரிமைச் சட்டமும் உடலோடு உளத்தையும் சேர்த்தே பேசுகிறது. பேசாதிருப்பது நாம்தான். வீட்டில் இப்படியொருவர் இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மதிப்பீடு குறைந்தால் மீளாய்வு கேளுங்கள். சாச்சியை அடுத்த வாரம் நான் அழைத்துச் செல்கிறேன்.