எண்மானி பொய்யுரைக்குமோ?

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் எண்சக்கரம் சுழலும் பழைய மின்மானியைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். 99999 கடந்ததும் அது 00000-க்குத் திரும்பும். சென்ற முறை 99850, இம்முறை 00120 எனில், செலவு 270 அலகு என்று கணக்கெடுப்போன் தயங்காது எழுதுவான். தறி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்ததென்று எவனும் கூறான். இவ்வெளிய அறிவு கணினி வலையின் முன் நின்றதும் நம்மிற் பலரை விட்டு நீங்கிவிடுகின்றது. அது பற்றியே சில சொல்லத் துணிகின்றேன்.

லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் இனத்துச் சர்வர்கள், தம் இணைப்பு வாயில்தோறும் வந்த பைட்டுகளையும் சென்ற பைட்டுகளையும் எண்ணி வைக்கின்றன. எண்ணும் இடம் 32 பிட் அகலமாயின், 4,29,49,67,296 என்னும் அளவை எட்டியதும் சுழியமாகிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் நிறைந்தோடும் இணைப்பில் இச்சுற்று 5 நிமிடம் 44 நொடியில் முடியும். 1 ஜிகாபிட் இணைப்பிலோ 34 நொடியே. ஐந்து நிமிடத்துக்கொருமுறை மானியைப் பார்ப்பதே பரவலான வழக்கம். அதற்குள் எட்டுச் சுற்றுகள் கழிந்திருக்கலாம். ஒரு சுற்றாயின் கூட்டித் திருத்தலாம். பல சுற்றாயின் எக்கணித வல்லுநராலும் மீட்க இயலாது.

நிற்க. சர்வர் அணைந்து மீண்டெழும்போதும் எண் சுழியத்திலிருந்தே தொடங்கும். இதனையும் சுற்று முடிந்ததாகக் கொள்ளும் நிரல், ஒருபோதும் ஓடாத பைட்டுகளைக் கோடிக்கணக்கில் ஏற்றி எழுதிவிடும். ஆதலின் சர்வர் எவ்வளவு நேரமாக இயங்குகின்றது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.

மருந்து புதிதன்று. எஸ்.என்.எம்.பி. என்னும் வலை மேலாண்மை நெறியில் 64 பிட் எண்மானிகள் 1990-களிலேயே வகுக்கப்பட்டன. ஆயினும் அந்நெறியின் முதற்பதிப்பு வழியே வினவுவோர்க்கு அவை விடையளியா. இரண்டாம் பதிப்பேனும் வேண்டும். இச்சிறு குறிப்பை அறியாது நாட்கணக்கில் இடருறுவோர் உளர். இதனைக் கடல் கடந்த கலையென நம் மாணவர் ஒதுக்குதற்கும் இடமில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, வலை மேலாண்மை மென்பொருள் செய்து வளர்ந்த ஸோஹோ நிறுவனம், நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலேயே பணிமனை வைத்துள்ளதன்றோ?

யான் வற்புறுத்துவது வேறொன்று. ஒரு மாணவர் விடுதியில் இணையக் கணக்கு மிகுந்ததாகக் கொள்வோம். வரைபடத்தில் நள்ளிரவில் ஒரு கோடு விண்ணளாவி நிற்கின்றது. பிள்ளைகள் திரைப்படம் இறக்கினர் என்ற தீர்ப்பு அப்பொழுதே பிறந்துவிடும்; அவ்வேளையில் மின்தடையால் சர்வர் மீண்டெழுந்ததோ என்று கேட்பார் இலர். தண்டமும் விதிக்கப்படும். இது முறையன்று.

சோதிக்க வழி எளிது. வேறு ஓட்டமில்லாத வேளையில் 500 கோடி பைட்டு அளவுள்ள கோப்பொன்றை அனுப்பிப் பார்க்கலாம். எண்மானி ஏறத்தாழ 520 கோடி கூடினால் அது நேர்மையானதே. ஒவ்வொரு பொதியும் தாங்கிச் செல்லும் முகவரிக் குறிப்புகளின் சுமையே அம்மிகுதி. 90 கோடி அளவே கூடினால் மானி 32 பிட் அகலத்தது, இடையில் ஒரு சுற்று முடிந்தது என்று தெளியலாம். இவ்வளவும் செய்து முடித்தபின் விடுதிக் கதவைத் தட்டட்டும்.