சங்கங்கள் வாய் திறக்கக் கூடாதா?



நேற்று அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, கடை வைத்திருக்கும் நானா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், ஆசிரியர் சங்கம் எண்டா சம்பளத்தப் பத்திப் பேசணும். நாட்டு அரசியல் உங்களுக்கு எதுக்கு? படிப்பிக்கிற வேலையப் பாருங்களேன்."

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூலை 12ஆம் திகதி நாங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது அவருடைய மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிற்சங்கத் தலைவர்களைக் கைதுசெய்து தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோனதும், பல வருடச் சம்பள முரண்பாடும் அந்தப் போராட்டத்துக்குக் காரணங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. எங்கள் கோரிக்கை நியாயமானது என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதன் விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

இருந்தாலும் நானாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஜனாஸா எரிச்ச காலம் ஞாபகமிருக்கா?"

அவர் பேசவில்லை. யாருக்குத்தான் மறக்கும்?

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. கொவிட்டால் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. நாங்கள் அழுதோம், துஆ செய்தோம், மையவாடி வேலிகளில் வெள்ளைத் துணி கட்டினோம். உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் அந்த டிசம்பரில் தள்ளுபடியாகின.

அப்போது பேசியவர்கள் யார்? சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும், 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கமும். புதைப்பதால் கொவிட் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை, அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று 2021 புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த நாளே சட்டம் மாறவில்லை. பெப்ரவரி 25இல்தான் வர்த்தமானி மாறியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்கு வேறு அழுத்தங்களும் காரணம். ஆனாலும் 'இது முஸ்லிம்களின் பிடிவாதம்' என்ற பேச்சுக்கு அந்த அறிக்கைகள் சரியான பதில் கொடுத்தன. அன்று அவற்றைப் பகிராத வட்சப் குழு நம் ஊரில் இருந்ததா?

"மருத்துவருக்கு அரசியல் எதுக்கு?" என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை. நமக்குச் சாதகமாகப் பேசினால் மனசாட்சி, மற்றவருக்காகப் பேசினால் அரசியல் என்று அளக்க முடியாது.

அதற்காகச் சங்கங்கள் எதையும் பேசலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மருத்துவர்கள் தங்களுக்குத் தெரிந்த விடயத்தைப் பேசினார்கள். ஆதாரத்தோடு பேசினார்கள். அதில் அவர்களுக்குச் சம்பளமோ சலுகையோ கிடைக்கவில்லை. 2022இல் மிரிஹானையில் கைதான இளைஞர்களுக்காகக் கூலி வாங்காமல் நீதிமன்றம் வந்த சட்டத்தரணிகளும் அப்படித்தான். தங்களுக்குத் தெரிந்த சட்டத்தைக் கொண்டே உதவினார்கள். கட்சிக்காரரை மேடையேற்றி மாலை போடும் சங்கத்துக்கு இந்த மதிப்பு கிடைக்காது.

இதே அளவுகோலை ஆசிரியர்களாகிய எங்களுக்கும் வைக்கிறேன். பாடத்திட்டம், ஆசிரியர் பற்றாக்குறை, இலவசக் கல்வி எல்லாம் எங்களுக்குத் தெரிந்த விடயங்கள். அவற்றில் வாய்மூடி இருந்தால் நாங்கள் கடமை தவறியவர்கள். ஆனால் சம்பளத்துக்கு வீதியில் இறங்கும் நாங்கள், விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக எத்தனை தடவை இறங்கினோம்? இந்தக் கேள்விக்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை.

நானா கடைசியில், "அப்ப பேசுங்க சேர், ஆனா எங்கட புள்ளைகளட வகுப்ப நிப்பாட்டாமப் பேசுங்க" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை அப்படியே சொல்லப்போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். ஏசாமல் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.