நோயின் வழியறிவார் யார்?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுவோர் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அம்மலை பொதுச் சுகாதாரத்திற்கும் ஒரு பாடசாலையாக விளங்கியது என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களை நரம்புச் சிலந்தி நோய் வாட்டியது. காலில் கொப்புளம் எழும். அதனின்று நூல் போன்ற நீண்ட புழு வெளிவரும். இங்கிலாந்திலிருந்து வந்து அங்கே உழைத்த ஜெசி பிராண்டு என்னும் மறைபணியாளர் புழுவை எடுத்ததோடு நில்லாமல், குடிநீரைக் காக்கும் வழியையும் மக்களுக்குக் கற்பித்தார். ஏனெனில் நோயாளி நீரில் இறங்கும்போது புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கின்றன. அந்நீரை வடிகட்டாமல் பருகுவோரை ஏறத்தாழ ஓராண்டு கழித்து நோய் பற்றுகிறது. இவ்வழியை அடைத்ததாலேயே 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பிராண்டோ, மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலுக்கு 1929இல் அம்மலையிலேயே பலியானார்.

மருத்துவர், 'இவருக்கு என்ன நோய்?' என்று கேட்கிறார். தொற்றுநோயியல் நிபுணரோ, 'இவ்வூரில், இம்மாதத்தில், இம்மக்களுக்கு மட்டும் இந்நோய் ஏன் வந்தது?' என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நோயுற்றோரைப் பிழையின்றி எண்ணவும், நோயற்றோருடன் ஒப்பிடவும், கணக்கிலிருந்து காரணத்தை உய்த்துணரவும், அதை மக்களுக்கு விளங்கச் சொல்லவும் தெரிய வேண்டும்.

இத்திறமைகளை அளப்பது எங்ஙனம்? அமெரிக்க மாநிலங்களின் தொற்றுநோயியல் நிபுணர் மன்றம் 2001 முதல் அவ்வப்போது கணக்கெடுத்து, எத்தனை பேர் உள்ளனர், எப்பயிற்சி குறைகிறது என்று ஆராய்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்க்கும் மூத்தவர்க்கும் வேண்டிய திறமைகளை 2006இல் தனித்தனியே வகுத்தும் வெளியிட்டது. இரண்டு இலட்சம் மக்களுக்குப் பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவரேனும் வேண்டும் என்பது உலக அளவிலான அளவுகோல். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாமக்கல் மாவட்ட மக்கள் தொகை 17 இலட்சத்திற்கு மேல். அவ்வாறாயின் அம்மாவட்டத்திற்கு மட்டும் எட்டு, ஒன்பது பேர் தேவை!

நம் நாட்டில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மாவட்டந்தோறும் இப்பணிக்கு இடம் வகுத்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களப்பயிற்சி அளித்து வருகிறது. இதிற் பயில்வோர் வகுப்பறையில் சிறிது காலமும் களத்தில் பெரும் பகுதியும் கழிக்கின்றனர். இதுவே சரியான முறை. ஆயினும் பணியிடம் இருப்பது வேறு, அதிலிருப்பவர் திறமையுடன் இருப்பது வேறு. நீச்சலறிந்தவனை ஆற்றில் அறிவதுபோல, இவர்தம் திறமையைத் தேர்வுத்தாளில் மட்டும் அளத்தல் இயலாது. மலைச் சிற்றூர் ஒன்றில் வயிற்றுப்போக்கு பரவுமாயின், எத்தனை நாளில் செய்தி எட்டியது, எத்தனை வீடுகளில் விசாரித்தார், எந்த ஊற்றை ஐயுற்றார், அடுத்த வீட்டுக் குழந்தை தப்பியதா என்பனவே மெய்யான தேர்வு.

நமக்கும் இதில் பங்குண்டு. ஒரே தெருவில் பலருக்கு ஒரே நோய் கண்டால், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அன்றே அறிவிப்போம். மருத்துவமும் கணிதமும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இப்பணியையும் எடுத்துரைப்போம். நோயாளியைத் தேற்றுவது அன்பு. நோய் அடுத்தவரை அணுகாமல் வழியடைப்பதும் அன்பே அன்றோ?