மறைக்காத மூட்டு

நாற்காலி என்றால் நான்கு கால், உட்கார ஒரு பலகை, சாய்ந்துகொள்ள ஒரு முதுகு. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல தச்சு வேலை என்பது கையால் செய்யப்படும் இயற்பியலே என்பது என் கருத்து. இதற்குச் சான்றாக, டென்மார்க் நாட்டில் 1949-இல் உருவான ஒரு கைவைத்த நாற்காலியைக் காட்டுகிறேன்.

இதை வடிவமைத்தவர் ஹான்ஸ் வெக்னர் (1914–2007). செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். சிறு வயதிலேயே தச்சரிடம் தொழில் பழகி, பிறகு கோப்பன்ஹேகனில் வடிவமைப்புக் கலை பயின்றவர். 1960-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் முதன்முதலாக விவாதித்தபோது, இருவரும் இந்த வகை நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார்கள்.

இதில் செதுக்குப் பூவேலை எதுவும் கிடையாது. நான்கு கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, மேலே அரைவட்டமாக வளைந்த ஒரே சட்டம். அதுவே முதுகு, அதுவே கைப்பிடி.

அந்த அரைவட்டத்தை எப்படிச் செய்வது? அகலமான ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுத்தால் என்ன?

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறாது. பக்கவாட்டில் விலக்கினால் பிளந்துவிடும். விறகு பிளப்பவர் கோடரியை எந்தப் பக்கமாகப் போடுகிறார் என்று கவனித்தால் இது புரியும். ஒரே பலகையில் அரைவட்டம் அறுத்தால், முதுகுப் பகுதியில் இழைகள் நீளமாக ஓடும். கைப்பிடிகளிலோ குறுக்கே வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாக நிற்கும். ஒருவர் கையை ஊன்றி எழுந்தால் அங்கேதான் முறியும்!

ஆகவே சட்டம் மூன்று துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் இழை அதனதன் திசையில் ஓடுகிறது. அடுத்த சிக்கல், அவற்றை இணைப்பது. வெட்டிய முனைகளைப் பசையால் ஒட்டினால் நிற்காது. முனை என்பது குழாய்களின் திறந்த வாய்தானே, பசையை உறிஞ்சிக்கொள்ளும். எனவே முனைகளைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 4 செ.மீ. அகலமும் 3 செ.மீ. கனமும் உள்ள சட்டத்தின் முனைப்பரப்பு 12 சதுர செ.மீ. அதில் 4 செ.மீ. நீளமுள்ள மூன்று பற்கள் வெட்டினால் ஆறு சரிவு முகங்கள் கிடைக்கும். ஒட்டும் பரப்பு சுமார் 72 சதுர செ.மீ.; அதாவது ஆறு மடங்கு! அந்த முகங்களில் இழையும் ஏறக்குறைய நீளவாக்கில் ஓடுவதால் பசை நன்றாகப் பிடிக்கும்.

முதலில் செய்த நாற்காலிகளில், மூட்டு தெரியாதபடி முதுகின் மேல் பிரம்பைச் சுற்றியிருந்தார்கள். பின்னர் வெக்னர் பிரம்பை நீக்கினார். பல் மூட்டு வெளியே தெரிந்தது. அதுவே நாற்காலிக்கு அழகாகவும் அமைந்தது.

இந்தத் துணிவைத்தான் நான் போற்றுகிறேன். விடையை மட்டும் எழுதாமல் வழிமுறையையும் காட்டும் மாணவனைப் போன்றது அது. தவறு இருந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். சரியாக இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

நான் இயந்திரத்துக்கு எதிரியல்ல. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் அறிவியல் உண்டு. ஆனால் புத்தகத்தில் படிப்பதே அறிவு, உளி பிடிப்பது வெறும் கூலி வேலை என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணம் தவறு. அதனால் நட்டப்படுவது தச்சர் மட்டுமல்ல. பொருளின் குணத்தைக் கையால் தொட்டு அறியும் வாய்ப்பை நீங்களும் இழக்கிறீர்கள்.

நாளை உங்கள் வகுப்பில் உள்ள மர நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். இழை எந்தத் திசையில் ஓடுகிறது? பளு மிகுந்தால் எந்த இடம் முதலில் முறியும்? உங்கள் விடையைக் காரணத்துடன் எழுதி, உங்கள் ஊர்த் தச்சரிடம் காட்டுங்கள். அவர் திருத்தித் தருவார்.