வாசலா, கொல்லைப்புறமா?

தண்ணீருக்கு நடுவே ஓர் ஊர். அங்கே வண்டி ஓடும் தெரு கிடையாது. வாய்க்கால்தான் தெரு, படகுதான் பஸ். காய்கறி படகில் வருகிறது. தபால் படகில் வருகிறது. கல்யாண மாப்பிள்ளைகூடப் படகில் வருவார்!

இது கதை அல்ல. இத்தாலி தேசத்தில் உள்ள வெனிஸ் நகரம்தான் அது. 118 சிறு தீவுகள். அவற்றை இணைக்க 400-க்கு மேற்பட்ட பாலங்கள். நடுவே பாம்பு போல் வளைந்து போகிறது ஒரு பெரிய வாய்க்கால். அதன் நீளம் சுமார் 4 கிலோமீட்டர்.

அந்த ஊரின் நீர்க்கரையில் பழைய பிரபுக்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல இன்று ஓட்டல்கள். டானியேலி என்று ஓர் ஓட்டல். தண்டோலோ என்ற பிரபு குடும்பம் 14-ம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை அது. 1822-ல் ஓட்டலாக மாறியது. உலகத்துப் பணக்காரர்களும் எழுத்தாளர்களும் நடிகர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஓட்டலில் ஓர் இரவு தங்க வேண்டுமானால், நம் ஊர்க் குடும்பம் ஒன்றின் பல மாதச் சம்பளத்தை எடுத்து வைக்க வேண்டும்.

அவ்வளவு பணம் எதற்கு? மெத்தைக்கா? நல்ல மெத்தை சென்னையிலும் உண்டு. சாப்பாட்டுக்கா? மயிலாப்பூர் மாட வீதியில் கிடைக்கும் இட்லிக்கும் காபிக்கும் ஈடு அங்கே ஏது?

பணம் மெத்தைக்கு அல்ல; ஜன்னலுக்கு! ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறதே, அதற்கு!

நம் சென்னையிலும் இதே கணக்குத்தான். அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எம்.ஆர்.சி. நகரில், 2013-ல் ஒரு பெரிய ஓட்டல் திறக்கப்பட்டது. லீலா பேலஸ் என்று பெயர். பெயரைப் போலவே அரண்மனைதான். அங்கேயும் கடலைப் பார்த்த அறைக்குத்தான் மவுசு.

தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இடத்துக்கு மதிப்பு கூடும் என்பது உலக வழக்கம். ஆனால் அந்த ஓட்டலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மயிலாப்பூருக்குள் வாருங்கள். அங்கே ஒரு நீர்க்கரை இருக்கிறது. அங்கே ஜன்னலைத் திறக்க யாரும் பணம் கொடுப்பதில்லை. ஜன்னலை மூடத்தான் எல்லாரும் பாடுபடுகிறார்கள்!

அதுதான் பக்கிங்காம் கால்வாய்.

பசியில் வெட்டிய வாய்க்கால்

“அந்தச் சாக்கடையா?” என்று நீங்கள் கேட்கலாம். அது சாக்கடையாகப் பிறக்கவில்லை.

1806-ம் ஆண்டில் கோக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். பிறகு அது வடக்கே ஆந்திரக் கரை வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. மொத்த நீளம் சுமார் 420 கிலோமீட்டர். வெனிஸ் நகரின் பெரிய வாய்க்காலைப் போல நூறு மடங்கு!

மயிலாப்பூர் வழியாகப் போகும் பகுதி எப்படி வந்தது தெரியுமா?

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். பிழைத்தவர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு பட்டணம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு நிவாரண வேலையாக, கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877-லும் 1878-லும் வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் 1877-ம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைக்கு அரசு வைத்த கூலி என்ன? ஓர் ஆளுக்கு, நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை.

மண்ணை வெட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது.

படகு வந்த காலம்

பட்டினி கிடந்த கைகள் வெட்டிய அந்த வாய்க்கால், பிறகு பட்டணத்தின் பசியைத் தீர்த்தது. நெல்லும் உப்பும் சவுக்கு விறகும் படகில் வந்தன. மயிலாப்பூர் அடுப்பில் எரிந்த விறகு இந்தத் தண்ணீர் மேல் மிதந்து வந்ததுதான்.

சரக்கு மட்டுமா வந்தது? மனிதர்களும் உல்லாசமாகப் போனார்கள். புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டாகவே எழுதி வைத்தார். 

வயதான மயிலாப்பூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் படகு பார்த்த கதையைச் சொல்லுவார்கள்.

பிறகு லாரி வந்தது, ரயில் வந்தது, படகுக்கு வேலை குறைந்தது. 1960-களிலும் 1976-லும் வீசிய புயல்கள் கால்வாயைப் பாழாக்கின. பழுது பார்ப்பாரில்லை. கழிவுநீர் கலந்தது. குப்பை விழுந்தது. கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 1997-ல் அந்த ரயில் திருமயிலை வரை ஓடத் தொடங்கியது. ரயில் நல்லதுதான். ஆனால் கால்வாய் குறுகிப் போயிற்று.

ஒரே ஊர், இரண்டு தண்ணீர்

ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். திருமயிலை நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் கபாலீசுவரர் கோவில் குளம். தைப்பூசத்தில் அங்கே தெப்பம் மிதக்கிறது. குடும்பம் குடும்பமாகப் படியில் உட்கார்ந்து பார்க்கிறோம். கைகூப்புகிறோம். அந்தக் குளத்தில் ஒருவன் குப்பையைக் கொட்டினால் ஊரே திரண்டு கேட்கும்.

அதே நாம், வீட்டுக்குத் திரும்பும்போது கால்வாய்ப் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். கையில் இருக்கும் காலிப் பையை எட்டி எறிகிறோம். யாரும் கேட்பதில்லை.

ஏன்? குளம் நமக்கு வாசல். கால்வாய் நமக்குக் கொல்லைப்புறம்.

வாசலில் கோலம் போடுகிறவர்கள் கொல்லையில் குப்பை கொட்டுகிறோம். வெனிஸ் நகரத்தார் செய்தது இதற்கு நேர் எதிர். அவர்கள் மாளிகையின் தலைவாசலையே தண்ணீரைப் பார்த்து வைத்தார்கள். விருந்தாளி படகிலிருந்து இறங்கி அந்த வாசற்படியில்தான் கால் வைப்பார். தலைவாசலில் யார் குப்பை கொட்டுவார்கள்?

வெனிஸ் தண்ணீர் பன்னீர் என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் கழிவுநீர் வாய்க்காலில் கலக்கிறது. ஆனால் கடலின் ஏற்றமும் வற்றமும் தினம் இரண்டு முறை வந்து அலசிவிட்டுப் போகின்றன. நம் கால்வாய்க்கும் அடையாற்றின் வழியே கடல் உண்டு. ஆனால் ஆற்றின் வாயில் மணல் திட்டு அடைக்கிறது. வாய் அடைத்தால் வயிறு கெடாதா?

ஓட்டலுக்கு அல்ல, வீட்டுக்கு

“மயிலாப்பூரை வெனிஸ் ஆக்கினால் பணக்காரர்கள் வந்து தங்குவார்கள். ஏழைக்கு என்ன லாபம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் இதுதான்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தது. கரையோரத்தின் பல இடங்களில், பொங்கி வந்த கடல் நீரைப் பக்கிங்காம் கால்வாய் வாங்கிக்கொண்டது. அதற்கு அப்பால் இருந்த ஊர்கள் தப்பின. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்க முடியாது. மழைத் தண்ணீர் போக வழி வேண்டும். வழியை அடைத்தால் அது வீட்டுக்குள் வரும். முதலில் மூழ்குவது பணக்காரர் வீடா? இல்லை, தாழ்வாக இருக்கும் ஏழையின் குடிசை.

ஆகவே கால்வாயைச் சுத்தம் செய்வது அலங்காரம் அல்ல; உயிர்க்காப்பு.

இன்னொரு எச்சரிக்கையும் வெனிஸிலிருந்தே கிடைக்கிறது. 1951-ல் அந்தப் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் எல்லாம் விருந்தினர் விடுதிகள் ஆயின. வாடகை ஏறியது. ஊர்க்காரன் வெளியேறினான். கூட்டம் தாங்காமல், 2024-ல் ஒரு நாள் பார்க்க வருகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ஜன்னல் அழகாக இருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் குடியிருக்க ஆள் இல்லை!

இங்கேயும் அந்த ஆபத்து உண்டு. ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்த பலரைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடி மாற்றினார்கள். கல் வீடு கிடைத்தது. ஆனால் வேலை மயிலாப்பூரில்; வீடு பல மைல் தூரத்தில். விடியற்காலை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் என்ன செய்வாள்? பஸ்ஸிலேயே பாதி நாள் போகும்.

கரையைச் சுத்தம் செய்யுங்கள். கரையில் வாழ்ந்தவனையும் குப்பையோடு சேர்த்து வாரி எறியாதீர்கள்.

முடியுமா?

முடியும். கண் முன்னே சாட்சி இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாறு உப்பங்கழியின் ஒரு பகுதி ஒரு காலத்தில் குப்பை மேடாகக் கிடந்தது. குப்பையை அள்ளினார்கள். தண்ணீருக்கு வழி விட்டார்கள். மரம் நட்டார்கள். 58 ஏக்கரில் 2011-ல் அது தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பறவைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. பள்ளிக் குழந்தைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

அங்கே முடிந்தது கால்வாயில் ஏன் முடியாது?

அரசு செய்ய வேண்டியது மூன்று. கால்வாயில் விழும் கழிவுநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். ஆற்றின் வாயை மணல் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து எழுப்பப்படும் குடும்பத்துக்கு, பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு தர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பாலத்தில் நடக்கும்போது கையிலிருக்கும் பையை வீடு வரை கொண்டு போவது.

ஒரு நாள் மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையிலும் ஓர் ஓட்டல் வரலாம். அரண்மனையாக இருக்க வேண்டாம். நாலு அறை, நல்ல காபி, தண்ணீரைப் பார்த்த ஒரு திண்ணை போதும். வெளியூர் விருந்தாளி ஜன்னலைத் திறப்பார். எதிர்க் கரையில் ஒரு தாய் தன் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கும்.