நரம்பியல் சிகிச்சையும் செவிலியரின் முடிவுரிமையும்

மூளை, நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை தருபவர் நரம்பியல் மருத்துவர் ஒருவரே, செவிலியர் அவர் எழுதியதை நிறைவேற்றுபவர் மட்டுமே என்னும் நம்பிக்கை படித்தவர்களிடையேயும் ஆழ வேரூன்றியிருக்கிறது. இந்நோய்களின் போக்கை அறிந்த எவரும் இதை ஏற்க இயலாது. ஏனெனில் பக்கவாதம் கண்டவரின் நிலை எந்நேரமும் மாறக்கூடியது, மருத்துவர் வந்துபோன பின் நேரும் அம்மாற்றத்தை முதலில் காண்பவர் படுக்கையருகே இருக்கும் செவிலியரே.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வு இதற்கு வலுவான சான்று. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் கண்காணித்து, வரையறுத்த நெறிமுறைப்படி செவிலியரே உடனே செயல்படும் முறை சில பிரிவுகளில் புகுத்தப்பட்டது. பக்கவாதம் தொண்டைத் தசைகளையும் தளர்த்துவதால், முதல் கவளத்திற்கு முன்பே நோயாளிக்குச் சிறிதளவு நீர் புகட்டி, அவர் இருமுகிறாரா, குரல் ஈரமேறிக் கரகரக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியில் முடியக்கூடும். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் அப்பிரிவுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58 சதவீதம். இந்நெறிமுறையை நிறைவேற்றியவர்கள் உயர்பட்டம் பெற்ற தனிநிலைச் செவிலியர்கள் அல்லர், வார்டில் பணிபுரியும் செவிலியர்களே என்பது வாதத்தை மேலும் வலுவாக்குகிறது.

நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படுபவர் இதற்கும் ஒரு படி மேலே செல்பவர்: செவிலியப் பட்டத்திற்குப் பின் முதுகலையோ முனைவர் நிலையோ பயின்று, தேசியச் சான்றுத் தேர்வில் தேறி, நோயாளியைப் பரிசோதிக்கவும் நோயறியவும் மருந்து எழுதவும் உரிமை பெற்றவர். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு, ஹென்றி சில்வர் ஆகியோர் இப்பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவரைவிடப் பயிற்சிக் காலம் குறைவு என்னும் ஆட்சேபம் உண்மையே. அரிய நோயை இனங்காண்பதும் அறுவைக்கு முடிவெடுப்பதும் மருத்துவரிடமே இருக்கட்டும். ஆனால் வாழ்நாள் முழுதும் நீளும் பார்க்கின்சன் நோயில் நோயாளியின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை வேறு: லெவோடோபா மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தேய்ந்துவிடுவதும், புரத உணவோடு சேரும்போது அது உடலில் ஏறத் தடைப்படுவதும் அளவையும் நேரத்தையும் அடிக்கடி திருத்தும்படி செய்கின்றன; இதற்கு வேண்டுவது நோயாளியைத் தொடர்ந்து காணும் தேர்ந்த கண்.

அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் இன்றும் மருத்துவருடன் எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் நர்ஸ் பிராக்டிஷனர்களைப் பணிசெய்ய விடுகின்றன. அந்த ஒப்பந்தத்தை நோயாளிக்கான பாதுகாப்பு என்று போற்றுபவர்கள், கைகால் விறைத்துப் படுக்கையில் புரள முடியாத ஒருவர் மருந்தின் நேரத்தைத் திருத்திக்கொள்ள மருத்துவரின் அடுத்த சந்திப்பு வரை காத்துக்கிடக்கும் வாரங்களையும் அந்தப் பாதுகாப்பின் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.